உபரின்னா எந்தத் தண்ணி?

போன மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். சட்டைப் பையில் இருந்த கைபேசி திடீரென்று அலறியது. கூடவே கீரைக்காரம்மாவுடையது, பக்கத்துப் பூக்கடைக்காரருடையது, ஆட்டோவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவருடையது என்று தெருவில் இருந்த எல்லாக் கைபேசிகளும் ஒரே குரலில் அலறின. இப்போதெல்லாம் வெள்ள எச்சரிக்கை இப்படித்தான் வருகிறது. ஆள் போய்ச் சொல்ல வேண்டிய வேலை இல்லை. அதுவே தேடி வந்து கத்துகிறது.

கீரைக்காரம்மா திரையைக் கட்டை விரலால் அழுத்தி அதன் வாயை அடைத்தார். "மானம் இருட்டுனா போதும் சார், இதுக்கு வேற வேலயே இல்ல. உனுக்கு அரைக்கீரையா, மொளைக்கீரையா?"

நான் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தேன். நீர்த்தேக்கத்திலிருந்து உபரி நீர் திறந்துவிடப்படுவதால் தாழ்வான பகுதிகளில் வசிக்கும் பொதுமக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். அட பாவிகளா, இன்னுமா இந்தச் சொல்லை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நடுத்தெருவில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். கீரைக்காரம்மா தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, கீரைக்கட்டை மாற்றிக் கொடுத்தார்.

என்னோடு வேலை பார்த்த இளம் பொறியாளர்கள் சிலர், "சார், உங்க சர்வீஸ்ல பார்த்ததை எழுதுங்க, எங்களுக்கு உதவும்" என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பிடிகொடுக்கவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது? நான் வேலைக்குச் சேர்ந்தபோது எந்தெந்த முனையில் தண்ணீர் நின்றதோ, நான் ஓய்வு பெற்று மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த நாளிலும் அதே முனைகளில் நின்றது. புதிதாகச் சில முனைகளும் சேர்ந்திருந்தன. இதில் அனுபவம் என்று மார்தட்டிக்கொள்ள எதுவும் இல்லை. ஆனால் அந்தக் காலைக்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மழைநீர் வடிகால் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்தேன். பெயருக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் என்று இருப்பதால் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் போலீஸ் என்று நினைத்துவிட்டார்கள். நிஜத்தில் சாக்கடை மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிற உத்தியோகம். தி.நகர், நந்தனம், ராஜா அண்ணாமலைபுரம், மயிலாப்பூர் என்று மாற்றி மாற்றி இந்தப் பக்கத்திலேயேதான் கழிந்தது. முதல் சில வருடங்களில் கற்றுக்கொண்டதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். தண்ணீருக்கு வழி வேண்டும், போய்ச் சேர இடம் வேண்டும். இந்த ஊரில் இரண்டையும் விற்றுவிட்டோம்.

வெள்ளம் மழையால் வருகிறது என்று டி.வி.யில் யாராவது சொன்னால் எனக்கு ரிமோட்டைத் தூக்கி அடிக்கத் தோன்றும். மழை இப்போது ஒரு மாதத்துக்குரியதை ஒரே மூச்சில் கொட்டுகிறது, அது உண்மைதான். கடலும் முன்னைப்போல் இல்லை. ஆனால் மழை விழுந்த பிறகு நடப்பது எல்லாம் நம் கைங்கரியம். மேற்கே ஒன்றிலிருந்து ஒன்று நிறைந்து வரும் ஏரிகளில் பாதிக்கு மேல் வீட்டுமனை. மிச்ச ஏரிகள் சீக்கிரம் நிறைந்து எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆற்றில் தள்ளுகின்றன. தெருவில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, வாசற்படி ஏறிப் போன வீடுகளுக்குள் இன்று படி இறங்கிப் போகிறோம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தைக் கடல் மணல் வந்து அடைத்துக்கொள்ளும். பொக்லைன் வைத்து வெட்டிவிடுவோம், அது மறுபடி மூடிக்கொள்ளும்.

மழைக்கு முன்னால் தூர் வாருவோம். வாய்க்காலிலிருந்து வண்டலை அள்ளி அதன் ஓரத்திலேயே கொட்டி வைப்போம். காய்ந்த பிறகு லாரி வந்து எடுத்துப் போகும் என்பது ஏற்பாடு. லாரிக்கு முன்னால் மழை வந்துவிடும். அள்ளியது அத்தனையும் திரும்ப உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். தி.நகரில் கடைக்காரர்கள் சத்தம் போட்டால் மோட்டார் வைத்து இறைப்போம். தண்ணீர் வடிந்தது என்று மேலே சொல்லுவோம். எங்கே வடிந்தது? கால்வாய்க்கு. கால்வாய் எங்கே போகிறது? ஆற்றுக்கு. ஆற்றோரம் யார் இருக்கிறார்கள்? அதை யாரும் கேட்கமாட்டார்கள். ஒருவர் வீட்டுக் குப்பையை அடுத்தவர் வாசலில் தள்ளுவதற்குப் பெயர் சுத்தம் செய்வது என்றால், நாங்களும் வெள்ளத்தை வடித்தோம்.

இனி எங்கள் ஈ.ஈ.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரகுநாதன் என்று பெயர், செயற்பொறியாளர். மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர். சும்மா சொல்லக்கூடாது, நல்ல மனிதர். கோபம் வந்தால் கத்தமாட்டார். எதிரில் இருப்பவரை உட்காரச் சொல்லிவிட்டு, தான் எழுந்து நின்றுகொண்டு பேசுவார். அவர் எழுந்தாலே எங்களுக்குப் புரிந்துவிடும். மழை நாளில் பேன்ட்டை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு எங்களோடு தண்ணீரில் நிற்பார். நாங்கள் சாப்பிட்டோமா என்று கேட்காமல் தான் சாப்பிட்டதில்லை.

அவருக்கு ஒரு சோதனை வந்தது. ஒரு மழை நாள் விடியற்காலையில் அவர் வீட்டுக்குள் தெருத் தண்ணீர் புகுந்துவிட்டது. வர நேரமாகும் என்று சொல்வதற்காகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தார். "ஆத்துல ஜலம் வந்துடுத்து. நான் வர நாழியாகும், நீங்க பார்த்துக்கோங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் வீட்டுப் பேச்சில் ஆத்துல என்றால் வீட்டில். போனை எடுத்தவர் தென்காசிப் பக்கத்துக்காரர், வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஈ.ஈ.யே ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது என்கிறாரே என்று அவர் எல்லோரையும் எழுப்பி விரட்டிவிட்டார்.

மோட்டார் வண்டி, மணல் மூட்டை, ஆள் அம்பு எல்லாம் அடையாற்றங்கரைக்குப் பறந்தன. போலீஸ் பாலத்தை மூடியதும் வெள்ளம் என்று சனங்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நானும் போனேன். போய்ப் பார்த்தால் ஆறு அது பாட்டுக்குத் தூங்கிக்கொண்டிருந்தது. கரையில் ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கூட்டத்தைப் பார்த்து, "இன்னா நைனா, யாரானும் உளுந்துட்டாங்களா?" என்று கேட்டார்.

அதற்குள் தி.நகர்ச் சுரங்கப்பாதையில் ஆளில்லாமல் தண்ணீர் ஏறி, ஒரு பஸ் நடுவில் நின்று, சனங்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஊரே சிரித்தது. எங்கள் ஆபீஸில் யார் லீவு போட்டாலும், "ஆத்துலயா, ஆத்துலயா?" என்று கேட்டுக் கேலி செய்தோம்.

ஈ.ஈ. சிரிக்கவில்லை. எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். தான் நின்றார். "தப்பு என்னுது. இனிமே ஆபீஸ்ல என் வாயிலேர்ந்து வீட்டுப் பேச்சு வராது. மக்களுக்குப் போற அறிவிப்பும் இனிமே எழுத்துத் தமிழ்லதான் போகணும். ஒருத்தருக்கு ஒண்ணு, இன்னொருத்தருக்கு வேறன்னு அர்த்தம் வரக்கூடாது."

அப்போதெல்லாம் ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நாங்களே கரையோரம் போய் வாய்க்கு வந்ததைச் சொல்லுவோம். அதை நிறுத்தினார். வாசகத்தைத் தானே எழுதினார். ஒற்றுப்பிழை பார்த்தார். தன் குரலிலேயே நிறுத்தி நிதானமாகப் பதிவு செய்தார். அதைப் போட்டுக் காட்டியபோது நான் ஒன்று கேட்டேன். "சார், வெள்ளம்னு ஒரு வார்த்தை போட்டுடலாமே?"

"வேணாம் தணிகாசலம். அன்னிக்குப் பாலத்துல பார்த்தீங்க இல்ல? வெள்ளம்னு சொன்னா ஜனங்க ஓடுவாங்க, ஒருத்தரை ஒருத்தர் மிதிச்சுப்பாங்க. உபரி நீர்னு போட்டிருக்கேன். அதான் சரியான சொல். மிஞ்சினதைத்தானே திறந்து விடறாங்க."

சரி என்று தலையாட்டினேன். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கேட்க மரியாதையாக இருந்தது. வெள்ளம், உபரி, தேக்கம் என்று நாங்கள் அலசாத சொல் இல்லை. எல்லாவற்றையும் அலசினோம். காற்றில் அது எப்படிக் காதில் விழும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

ராஜா அண்ணாமலைபுரத்தை ஒட்டி, ஆறு கடலை நெருங்கும் இடத்தில் கிளிஞ்சல் தோட்டம் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. முன்பு அங்கே கிளிஞ்சல் அள்ளிச் சுண்ணாம்புக் காளவாய்க்குக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், பேரப் பிள்ளைகள். இப்போது வீட்டு வேலை, பெயின்ட் வேலை, ஆட்டோ என்று பிரிந்துவிட்டார்கள். அமாவாசை, பௌர்ணமிக்குக் கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் ஆற்றில் எதிர்த்து வந்து வாசல் வரை எட்டிப் பார்க்கும். கணுக்காலுக்கு, மிஞ்சினால் முழங்காலுக்கு. கொஞ்ச நேரத்தில் திரும்பிவிடும். அதற்கு அவர்கள் பயப்படவே மாட்டார்கள். கட்டில் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்துவார்கள், அரிசி மூட்டையையும் பிள்ளைகளின் பையையும் அதன் மேல் ஏற்றுவார்கள், நடக்க முடியாதவர்களையும் ஏற்றுவார்கள். உப்புத் தண்ணீர் வந்து போன பிறகு தரையைக் கழுவிவிட்டு உலை வைப்பார்கள்.

அங்கே செல்வி என்ற பெண்ணை எனக்குத் தெரியும். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் பெருக்கித் துடைக்கும் வேலை. புருஷன் விட்டுப்போய்விட்டான், பிள்ளை இல்லை, அப்பா முனுசாமி மட்டும்தான். சர்க்கரை வியாதியில் அவருக்கு ஒரு கால் எடுத்தாயிற்று. நான் வாய்க்கால் பார்க்கப் போகும்போதெல்லாம் கட்டிலில் இருந்தபடியே, "வா சார், சாக்கடைத் தண்ணிய எங்க ஊட்டுக்கு எப்ப அனுப்பப் போறே?" என்று வம்புக்கிழுப்பார். செல்வி அவரை நைனா என்பாள். கொஞ்ச நாளில் நானும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நாள் அமாவாசை. பல நாளாக விடாத மழை. மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது ஈ.ஈ. வந்து நின்றார். மேலே ஏரியில் மதகு திறக்கப் போகிறார்கள், கரையோரம் முழுக்க அறிவிப்பு போக வேண்டும் என்றார். சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு ஆட்டோவில் ஏறினேன். நந்தனம் பக்கத்திலிருந்து தொடங்கி ஆற்றோடு கீழே வந்தோம். காற்றென்றால் அப்படி ஒரு காற்று. ஈ.ஈ.யின் குரல் ஒலிபெருக்கியிலிருந்து கிளம்புவதும் பாதி வழியில் கிழிந்து போவதுமாக இருந்தது. எனக்கு வாசகம் மனப்பாடம், அதனால் எனக்கு முழுக்கக் கேட்டது.

கிளிஞ்சல் தோட்டத்துக்கு வந்தபோது சனங்கள் வாசலில் நின்று கேட்டார்கள். அலட்சியம் செய்தார்கள் என்று பிற்பாடு பேசினார்களே, அது பொய். கேட்டார்கள், உடனே வேலையைத் தொடங்கினார்கள். எங்கே பார்த்தாலும் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது.

செல்வி வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தினேன். அவள் கட்டிலை ஒரு பக்கம் தூக்கிப் பிடிக்க, பக்கத்து வீட்டுக்காரர் செங்கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். நைனா கட்டில் மேலேயே உட்கார்ந்து அதிகாரம் செய்துகொண்டிருந்தார்.

"அறிவிப்பு கேட்டுச்சாம்மா?"

"கேட்டுச்சி சார். அதான் தூக்கிக்கினு கீறோம்."

"பள்ளிக்கூடத்துல இடம் போட்டிருக்கு. பெரியவரைக் கூட்டிக்கிட்டுப் போயிடு."

"இவரைத் தூக்கினு எங்க சார் போறது? வந்து வடியட்டும் சார், பாத்துக்கலாம்."

"வடிய நேரமாகும்மா."

"ஆவட்டும் சார். நாங்க பாக்காததா?"

நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீ போ சார். எங்களுக்கு இது புச்சா? தண்ணி வந்துச்சினா காலை நனைச்சிக்கும். எனுக்குத்தான் ஒரு காலு மிச்சமாச்சே."

நானும் சிரித்துவிட்டேன். அவரைத் தூக்கிப் போக ஆள் வேண்டும் என்று ஈ.ஈ.க்குப் போனில் சொன்னேன். அனுப்புகிறேன் என்றார், அனுப்பவும் செய்தார். அந்த ஆட்கள் வழியில் நந்தனத்திலேயே வேறு ஒரு தெருவில் மாட்டிக்கொண்டார்கள். எனக்கு இன்னும் மூன்று நான்கு குடியிருப்புகள் பாக்கி இருந்தன. ஆட்டோ கிளம்பிவிட்டது.

நான் போன பிறகு செல்விக்குக் கடையிலிருந்து போன் வந்திருக்கிறது. அடித்தளத்துக் கிடங்கில் தண்ணீர் புகுந்துவிட்டது, புடவைக் கட்டுகளை மேலே ஏற்ற வேண்டும், உடனே வா என்று. அவள் தயங்கியிருக்கிறாள். நைனாதான், "அமாவாசைத் தண்ணிம்மா, வரும், போவும். நீ போய்ட்டு வா. வரசொல்லோ எனுக்கு ரெண்டு போண்டா வாங்கியா" என்று அனுப்பியிருக்கிறார். அவள் போய் முட்டளவு தண்ணீரில் நின்று பட்டுப் புடவைகளை மாடிக்கு ஏற்றினாள். ஒரு புடவைகூட நனையவில்லை என்று பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

பொழுது சாய்வதற்கு முன்பே ஆறு வந்துவிட்டது. அதை வந்தது என்று சொல்வதே தப்பு. எதிரே கடல் ஏற்றத்தில் இருந்ததால் போக வழியில்லாமல் ஆறு நின்ற இடத்திலேயே எழுந்தது. முழங்கால், இடுப்பு, கழுத்து என்று படி ஏறுகிற மாதிரி ஏறியது. திடகாத்திரமானவர்கள் பக்கத்து மாடி வீட்டுக் கூரையில் ஏறித் தப்பித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் நைனாவைத் தூக்க வந்திருக்கிறார், கதவைத் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது.

மறுநாள் தண்ணீர் இறங்கிய பிறகு நான் போய்ப் பார்த்தேன். செங்கற்கள் நான்கு மூலையிலும் வைத்தது வைத்தபடி இருந்தன. கட்டில் இல்லை. நைனாவைக் கீழ்ப்பக்கத்தில் முட்புதருக்குள் கண்டுபிடித்தார்கள். அடையாளம் சொல்லச் செல்வியைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஒரு கால் இல்லாததைப் பார்த்து நானே சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்து அழுதேன். என் அப்பா போனபோதுகூட நான் அப்படி அழுததில்லை.

பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் தங்க வைத்திருந்தார்கள். ஈ.ஈ. என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். செல்வி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். ஈ.ஈ. அவளுக்கு முன்னால் நின்றார். அவருடைய வழக்கப்படி நின்றுகொண்டு பேசுகிறார் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் இந்த முறை திட்டு வாங்க நிற்பவர் மாதிரி நின்றார்.

"அறிவிப்பு கேட்டும் ஏம்மா இருந்தீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உப்புத் தண்ணினுதான் சார் சொன்னீங்க."

எனக்குப் புரியவில்லை. "யாரும்மா சொன்னது?"

"நீதான் சார் ஆட்டோவுல வந்து சொன்னே. மைக்குல சொல்லிச்சே, உப்பு நீர் வருதுனு. அமாவாசை வேற. உப்புத் தண்ணிக்கு எவன் சார் ஊட்ட வுட்டுப் போவான்?" பக்கத்தில் இருந்த பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். எல்லோருக்கும் அப்படித்தான் காதில் விழுந்திருந்தது.

"உப்பு இல்லம்மா, உபரி" என்றேன்.

"உபரின்னா எந்தத் தண்ணி சார்?"

"ஏரி நிரம்பி வழியற தண்ணிம்மா" என்றேன். அவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆத்துல தண்ணி வருதுனு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நைனாவ முதுகுல தூக்கினு போயிருப்பேனே சார்" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம்.

ஈ.ஈ. நேராக ஆட்டோவை வரவழைத்தார். கிளிஞ்சல் தோட்டத்தில் செல்வி வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, ஆட்டோவைத் தெருக்கோடியில் நிறுத்திப் பதிவைப் போடச் சொன்னார். காற்று இன்னும் இருந்தது. அவருடைய குரல் வந்தது. நிறுத்தி நிதானமாக, ஒற்றுப்பிழை இல்லாமல். இன்னொரு தடவை போடச் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டார். பிறகு சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

"தணிகாசலம், எனக்கே உப்புன்னுதான் கேக்கறது" என்றார். இனி வராது என்று சொன்ன பிறகு எங்களிடம் அவர் வீட்டுப் பேச்சில் பேசியது அன்றைக்குத்தான்.

தப்பு யாருடையது என்று நான் சொல்லப் போவதில்லை. வீட்டையும் ஆற்றையும் குழப்பிய ஒரு சொல்லைத் திருத்தப் போய், ஆற்றையும் கடலையும் குழப்பிய சொல்லை வைத்தோம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ஈ.ஈ. விடவில்லை. புது வாசகம் எழுதினார். ஆத்துல தண்ணி ஏறுது, வீட்டை விட்டு உடனே மேட்டுக்குப் போயிடுங்க என்று, சந்தையில் பேசுகிற தமிழில். ஒவ்வொரு குடியிருப்பிலும் நாலு பேருக்குப் போட்டுக் காட்டி, என்ன கேட்டது என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே அனுப்பினார். கொச்சை மொழி அரசு அறிவிப்புக்கு ஏற்றதல்ல, பீதியும் பரவும், நடைமுறையில் உள்ள சொல்லே தொடரலாம் என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடியும் அதே பதில். அதற்குள் அவருக்கு ஓய்வு வந்துவிட்டது. போன பிறகும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "மாத்திட்டாங்களா?" என்று கேட்பார். இப்போது அவரும் இல்லை.

கிளிஞ்சல் தோட்டமும் இல்லை. ஆற்றுக்கு ஆக்கிரமிப்பு என்று சொல்லி மொத்தமாக எடுத்துவிட்டார்கள். எதிர்க்கரையில் ஆற்றுக்குள்ளேயே காலை நீட்டிக்கொண்டு ஒரு கண்ணாடிக் கட்டடம் நின்றது. அது அப்படியே நிற்கிறது, வயிற்றெரிச்சல். சனங்களை லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்பில் விட்டார்கள். உயிரைக் காப்பாற்றத்தானே என்று நானும் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு முறை செல்வியைப் பார்க்கப் போனேன். பஸ் இறங்கிச் சுற்றிப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கோரைப் புல், நாரை, கறுப்பு மண். சதுப்பு நிலத்தில் மண்ணைக் கொட்டிக் கட்டியிருந்தார்கள். ஏரிகளின் தண்ணீர் தேங்கி நிற்கும் இடம். பள்ளத்திலிருந்து எடுத்துப் படுகுழியில் வைத்திருந்தார்கள். செல்விக்குத் தரைத்தளம். "மாடி ஏற வேணாம் சார், சௌரியம்" என்று டீ போட்டுக் கொடுத்தாள். நான் குடித்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டேன்.

அதனால்தான் அன்று தெற்கு மாட வீதியில் கைபேசி அலறியதும் என் கை தானாகச் செல்வியின் எண்ணைத் தேடியது. கீரைக்கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கோயில் குளத்துச் சுவரோரம் ஒதுங்கிப் பேசினேன். எடுத்ததும் அந்தப் பக்கம் மழைச் சத்தம் கேட்டது. இங்கே தூறல்கூட இல்லை.

"செல்வி, மெசேஜ் வந்துச்சாம்மா? அது உப்புத் தண்ணி இல்லம்மா. உபரின்னா..."

"தெரியும் சார். அந்த வார்த்தை எனுக்கா தெரியாது? ஏரித் தண்ணி."

"அப்போ கிளம்பினியா?"

"எங்க சார் கெளம்பறது? நேத்துலேந்தே ரோட்டுல இடுப்புக்கு நிக்கிது. பஸ்ஸு இல்ல. ஊட்டுல தண்ணி பூந்து, மாடிப் படியில வந்து உக்காந்துகினு கீறோம். எனுக்கு மேல படி பூரா ஆளுங்க. மேல வராண்டாவும் ஜனம் ரொம்பிடிச்சி."

"போட் வரும்மா. சொல்லி அனுப்பறேன்" என்றேன். சொல்லி அனுப்ப எனக்கு இப்போது யாரையும் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும்.

"சார், நீ படிச்சவன். ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்குப் புரியல, ஊட்டுல இருந்துட்டோம். இன்னிக்கு எல்லாம் புரியுது. பாதுகாப்பான எடத்துக்குப் போனு போட்டுக்கீதே, அது எந்த எடம் சார்? நீ சொல்லு, இப்பவே எறங்கிப் போறேன்."

அத்தனை வருடமும் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று நானும் ஈ.ஈ.யும் மண்டையை உடைத்துக்கொண்டோம். அந்த வாசகத்தின் கடைசி வரியை நாங்கள் இரண்டு பேருமே ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. கைபேசியைக் காதிலிருந்து எடுத்து அந்தச் செய்தியை மறுபடி படித்தேன். இடத்தின் பெயர் அதில் எங்கும் இல்லை.

"லைன்ல கீறியா சார்?" என்று செல்வியின் குரல் கேட்டது.

"இருக்கேன்மா" என்றேன். நான் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அங்கே மழை பெய்வதை இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.